உருக்மணி தேவியார்

சென்னைத் துறைமுகத்திற்கு மேற்கே, தங்கசாலைப் பகுதியில், ‘கினிமா சென்ட்ரல்’ என்னும் படக்கொட்டகை ஒன்று இருந்தது. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதி நாளில் அக்கொட்டகையில் ‘காளிதாஸ்’ என்னும் பேசும்படம் திரையிடப்பட்டது. திரையில் தோன்றிய டி. பி. இராஜலட்சுமி தமிழிற் பேசினார், தமிழிற் பாடினார். தமிழ் பேசிய முதற்படம் அதுவே. ஆயினும் அப்படம் பிறந்த இடம் தமிழ்நாடன்று; பம்பாய். அதில் தலைவனாக நடித்தவர் பேசியது தெலுங்கு. இயக்கியவரும் தமிழரல்லர். ஒரு மொழியின் முதற்படம் மற்றவர் வீட்டில், மற்றவர் துணையோடு பிறப்பது அக்காலத்தில் புதுமையன்று.

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இலங்கையில் நிகழ்ந்தது. சிங்களமொழி பேசும் மக்கள் அதுகாறும் கொழும்புக் கொட்டகைகளில் தமிழ்ப் படங்களையும் இந்திப் படங்களையும் ஆங்கிலப் படங்களையும் கண்டுவந்தனர். தம் தாய்மொழியைத் திரையில் அவர்கள் முதன்முதலாகக் கேட்டது 1947ஆம் ஆண்டில்தான். அப்படம் உருவான இடம் தமிழ்நாட்டு மதுரை. அதன் தலைவியாகத் தோன்றிப் பாடி நடித்து, பின்னர் முப்பதாண்டுக் காலம் சிங்கள மக்களின் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்ற நங்கைக்குப் பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா. உலகம் அவரை உருக்மணி தேவி என்று அறியும். சென்னையில் கலாக்ஷேத்திரம் கண்ட உருக்மிணி தேவி அருண்டேல் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது.

இலங்கையின் நடுவே உயர்ந்த மலைநாடு உள்ளது. அங்கே நுவரெலியாவிற்குச் செல்லும் வழியில் இறம்பொடை என்னும் சிற்றூர் இருக்கிறது. நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள், அருவிகள், மலைச்சரிவிற் கூடையுடன் கொழுந்து கொய்யும் தமிழ்ப் பெண்கள். இவ்வூரில் 1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் இராசம்மா பிறந்தார். அவருடைய குடும்பம் கொழும்புச் செட்டிகள் என வழங்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தது. இச்சமூகத்தாரின் முன்னோர் வாணிகத்தின் பொருட்டு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் அவர்களுட் பலர் கிறித்தவ சமயம் தழுவினர். தானியேல் என்னும் விவிலியப் பெயரும் இராசம்மா என்னும் தமிழ்ப் பெயரும் ஒரே பெண்ணுக்கு அமைந்தது இவ்வாறுதான். குடும்பம் கொழும்பிற் குடியேறியது. அந்நகரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் ஒலிக்கும். அத்தெருக்களிலே சிறுமி வளர்ந்தாள். அவளுக்கு இயற்கை அளித்த பெருஞ்செல்வம் குரல்.

அக்காலத்துச் சிங்கள நாடகமேடையின் நிலையைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. சிங்களவரிடையே ‘நாடகம’ என்றே ஒரு கூத்துவகை வழங்கிவந்தது. பெயரே அதன் பிறப்பை உணர்த்தும். தமிழ்நாட்டுக் கூத்து கடல் கடந்து சென்று வேற்றுமொழி பேசத் தொடங்கியதன் விளைவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுவினர் இலங்கைக்குச் சென்றனர். தீட்டிய திரைச்சீலைகளும், பளபளக்கும் உடைகளும், வடநாட்டு மெட்டில் அமைந்த பாடல்களும் கொண்ட அவர்களது ஆட்டம் அங்கே ‘நூர்த்தி’ என்னும் புதுவகையைத் தோற்றுவித்தது. இதே பார்சி நாடகந்தான் தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகளின் மேடையையும் மாற்றியமைத்தது. சென்னை வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் தமிழ் நாடகங்கள் நடந்த காலத்தில், கொழும்பு மருதானையில் 1911இல் எழுந்த டவர் மண்டபத்தில் சிங்கள நாடகங்கள் நடந்தன. இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எனலாம். தமிழ்நாட்டு நடிகர்கள் இலங்கைக்குச் சென்று நடிப்பதும் வழக்கமாயிருந்தது. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையிலேயாகும்.

இத்தகைய மேடைக்கு இராசம்மா தம் பதின்பருவத்திலேயே வந்தார். இராமாயணக் கதையைத் தழுவிய சிங்கள நாடகத்தில் சீதையாகத் தோன்றினார். நாடகத்தில் நடிக்கும் பெண்களைச் சமூகம் மதிப்புடன் நோக்காத காலம் அது. தமிழ்நாட்டிலும் அதே நிலைமைதான். தமிழ்ப் பெயருடைய கிறித்தவச் சிறுமி ஒருத்தி, இந்துக்கள் போற்றும் சீதையாக, பௌத்தர்கள் நிறைந்த அவையில், சிங்கள மொழியிற் பேசி நடித்தாள் என்பதை இன்று எண்ணும்போது வியப்புத் தோன்றும். அன்று அவையோர் இதனை வியந்ததாகத் தெரியவில்லை. குரல் இனிதாயிருந்தது, அவர்களுக்கு அது போதும். உருக்மணி தேவி என்னும் மேடைப்பெயரே அவருக்கு நிலைத்தது.

அக்காலத்தில் கிராமபோன் பெட்டி வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பரவத் தொடங்கியிருந்தது. 1930களின் இறுதியில் எச். எம். வி. நிறுவனத்தார் உருக்மணியின் பாடலை இசைத்தட்டிற் பதிவு செய்தனர். சிங்கள இசையுலகில் பெயர்பெற்றிருந்த எச். டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டருடன் இணைந்து அவர் பாடிய அப்பாடல், புத்தர் மெய்யறிவு பெற்ற புத்தகயை விகாரையைப் பற்றியது. கிறித்தவக் குடும்பத்துப் பெண் பாடிய பௌத்தப் பாடல் சிங்கள இல்லந்தோறும் ஒலித்தது. மேடையில் ஒரு நாள் பாடினால் சில நூறு பேர் கேட்பர். இசைத்தட்டோ ஊசி தேயுந்தோறும் பாடிக்கொண்டேயிருக்கும். முகம் அறியப்படுவதற்கு முன்பே அவருடைய குரல் நாடறிந்ததாயிற்று.

கொழும்பிற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் நீர்கொழும்பு என்னும் கடற்கரை நகரம் உள்ளது. சென்னை மாணவர்கள் இராயபுரத்தை நினைத்துக்கொண்டால் அந்நகரத்தை மனக்கண்ணிற் காண்டல் எளிது. மீன்பிடிக்கும் மக்கள், கரையில் வரிசையாகப் படகுகள், உலரும் வலைகள், உயர்ந்த தேவாலயக் கோபுரங்கள். அங்கும் மீனவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கரே. இந்நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்பவர் ‘மினர்வா’ என்னும் நாடகக் குழுவை நடத்திவந்தார். அரசர்களையும் தேவர்களையும் பற்றிய பழங்கதைகளை விடுத்து, அந்நாளைய குடும்ப வாழ்க்கையை நாடகமாக எழுதியமை அவர் செய்த புதுமை. கடன், காதல், வஞ்சகம், வாக்குத் தவறுதல் ஆகியவை அவர் நாடகங்களின் பொருள்கள். அவருடைய தம்பி எடி ஜயமான்ன நகைச்சுவை நடிகர். உருக்மணி இக்குழுவிற் சேர்ந்தார், எடியையே மணந்தார். தமிழ்நாட்டில் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் மேடையிலும் இல்லத்திலும் இணையாக விளங்கியதை நாம் அறிவோம். ஆனால் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. மதுரம் நகைச்சுவையிலும் கணவருக்குத் துணை நின்றார். உருக்மணியோ கதைத்தலைவி. மேடையில் அவர் வேறொரு தலைவனுக்காகக் கண்ணீர் வடிக்க, கணவர் வேலைக்காரன் வேடத்தில் அவையோரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்.

மினர்வா குழுவின் நாடகங்களுட் பெரும்புகழ் பெற்றது ‘கடவுனு பொறொந்துவ’. உடைந்த வாக்குறுதி என்பது அதன் பொருள். இந்நாடகம் ஊர்தோறும் நடிக்கப்பெற்றது. இதனைப் படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம். இவர் தமிழர், இலங்கையிற் வாணிகமும் மதுரையிற் சித்ரகலா மூவிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையமும் உடையவர். இலங்கையில் அப்போது படப்பிடிப்பு நிலையம் இல்லை, ஒளிப்பதிவாளர் இல்லை, ஒலிப்பதிவுக் கருவி இல்லை. ஆதலால் குழுவினர் மதுரைக்குப் புறப்பட்டனர்.

அக்காலத்தில் கொழும்பிலிருந்து தமிழ்நாட்டிற்கு வருவது இன்று நினைப்பதைவிட எளிதாயிருந்தது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் மாலையில் புகைவண்டி ஏறினால் காலையில் தலைமன்னார். அங்கிருந்து சிறு நீராவிக் கப்பலிற் சுமார் இரண்டு மணி நேரத்தில் தனுஷ்கோடி. கரையில் காத்திருக்கும் புகைவண்டி பாம்பன் பாலத்தைக் கடந்து உள்நாட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கும். தோட்டத் தொழிலாளரும் வணிகரும் நாடகக்காரரும் படச்சுருள்களும் இவ்வழியாகவே சென்று வந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இவ்வழியும் அழிந்தது.

மதுரையில் அப்படம் உருவான முறை நினைக்கத்தக்கது. முதலிட்டவர் தமிழர். இயக்கியவர் வங்காளத்தவர், அவருக்குச் சிங்களம் தெரியாது. இசை அமைத்தவரும் தமிழரே. நடித்தவர்கள் நீர்கொழும்பு நாடகக் குழுவினர். மேடையில் நின்று கடைசி வரிசையில் உள்ளவருக்குக் கேட்கும்படி உரக்கப் பேசிப் பழகியவர்கள், இப்போது முகத்திற்கு அருகே நிற்கும் கருவியின் முன் பேச வேண்டியதாயிற்று. மேடையிற் கைவீச்சுக்குப் பொருள் உண்டு. கருவி கண்ணிமையின் அசைவையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். இம்மாற்றத்தை மற்ற நடிகர்கள் முற்றும் உணர்ந்துகொள்ளவில்லை என்பதைப் படம் பார்த்த திறனாய்வாளர் குறை கூறினர், அக்குறை நேர்மையானதே. மேடை நாடகத்தை அப்படியே பிடித்து வைத்தாற் போன்று அப்படம் இருந்தது. உருக்மணியைப் பொறுத்தவரை பெருங்குறை தோன்றாமைக்குக் காரணம் அவருடைய பாட்டு. பாடும்போது அவர் முகம் இயல்பாக மாறும்; குரலே நடித்துவிடும்.

1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் அப்படம் வெளியாயிற்று. இலங்கை விடுதலை பெற இன்னும் ஓராண்டுக்கு மேலிருந்தது. குறைகள் பல இருந்தும் மக்கள் திரண்டனர். அவர்கள் நுட்பத்தைக் காண வரவில்லை. தங்கள் மொழி திரையிற் பேசுவதைக் கேட்க வந்தார்கள். 1931இல் தங்கசாலைக் கொட்டகைக்குச் சென்ற சென்னை மக்களின் மனநிலையை ஒத்தது அது. சிங்களத் திரையின் முதற் கதைத்தலைவி என்னும் பெயர் அன்று முதல் உருக்மணிக்கு உரியதாயிற்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த இரண்டாவது சிங்களப்படமாகிய ‘அசோகமாலா’வும் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது.

அதன்பின் படங்கள் தொடர்ந்தன. 1948இல் ‘கபட்டி ஆரக்ஷகயா’, 1949இல் ‘பெரலென இரணம’ என்று மினர்வா குழுவின் நாடகங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. பத்தாண்டுக் காலம் சிங்களப் படங்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் உருவாயின. நாயகம் பின்னர்க் கொழும்பிற்கும் நீர்கொழும்பிற்கும் இடையே கந்தானையில் ஒரு படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். ‘கீழ்த்திசைக் குயில்’ என்று மக்கள் உருக்மணியைப் பாராட்டினர். திரையில் ஒருவர் நடிக்க, மறைவில் மற்றொருவர் பாடும் முறை பரவிய பிறகும், தம் பாட்டைத் தாமே பாடும் நடிகையாக அவர் விளங்கினார். தமிழ்நாட்டிற் கே. பி. சுந்தராம்பாள் பெற்றிருந்த பெருமை இத்தகையது.

இக்காலத்துச் சிங்களப் படங்களைப் பற்றிய குறைகூறலையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. பாடல்களின் மெட்டுகள் இந்திப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கதைப்போக்கு இந்தியப் படங்களின் சாயல். உடையும் வீடும்கூடச் சிங்கள நாட்டுப்புறத்தைக் காட்டவில்லை. நாடு விடுதலை பெற்றபின் தம் கலை தம் மண்ணிலிருந்து பிறக்கவேண்டும் என்று இளைஞர்கள் விரும்பியது இயல்பே. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்னும் படத்தை எடுத்தார். ஸ்டுடியோவை விட்டுக் கருவியைச் சிற்றூருக்குக் கொண்டு சென்று, திறந்தவெளியிற் படம்பிடித்தார். சிங்களத் திரைக்கலை அன்று புதுவழியில் திரும்பியது. அவ்வழியிற் பழைய மேடைக்குழு நடிகர்களுக்கு இடம் குறைந்தது. புதிய கதைத்தலைவியர் வந்தனர். உருக்மணிக்குக் கிடைத்த வேடங்கள் சிறியவாயின. கலையின் வளர்ச்சிக்கு ‘ரேகாவ’ இன்றியமையாதது. ஆனால் அவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்களுள் உருக்மணியும் ஒருவர்.

அதே 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. 1958இல் இனக்கலவரம் மூண்டது. தமிழர் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர். 1977இலும் கலவரம் நிகழ்ந்தது. மொழியின் பெயரால் அண்டைவீட்டார் பகைகொண்ட அவ்வாண்டுகளிலும் உருக்மணியின் பாடல்கள் சிங்கள மக்களின் வீடுகளில் ஒலித்துக்கொண்டேயிருந்தன. பாடுபவர் பிறப்பால் யார் என்று வானொலிப்பெட்டியை ஒருவரும் வினவவில்லை. அவருடன் இணைந்து பல பாடல்கள் பாடிய முகைதீன் பேக் அவர்களின் வரலாறும் இவ்வாறானதே. பேக் தமிழ்நாட்டுச் சேலத்திற் பிறந்து, இளமையிற் கொழும்பு சென்ற இசுலாமியர். அவர் பாடிய பௌத்தப் பக்திப் பாடல்கள் சிங்களவர் உள்ளத்தை உருக்கின. சேலத்து இசுலாமியரும் இறம்பொடைக் கிறித்தவப் பெண்ணும் சேர்ந்து பாடிய சிங்களப் பாடல்களைச் சிங்களவர் தம்முடையவை என்றே கொண்டனர். அவை அவர்களுடையவையே. சிங்களப் படத்தொழிலில் ஈடுபட்டிருந்த தமிழர்களுக்கு ஊழ் இவ்வளவு நன்மை செய்யவில்லை. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில், தமிழர் ஒருவருக்கு உரிய ஹெந்தளை விஜயா ஸ்டுடியோ தீக்கிரையாயிற்று; சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்பவர் கொல்லப்பட்டார். அக்கொடுமையைக் காண உருக்மணி அப்போது உயிருடன் இல்லை.

கணவருடன் நீர்கொழும்பிலேயே அவர் வாழ்ந்துவந்தார். படவாய்ப்புகள் குறைந்தபோதும் பாட்டு அவரைக் கைவிடவில்லை. ஐம்பது வயது கடந்த பின்னரும் ஊர் ஊராகச் சென்று இசைநிகழ்ச்சிகளிற் பாடிவந்தார். முதற்படத்தின் கதைத்தலைவி என்பதை அறியாத இளைஞரும் அவருடைய குரலுக்காகக் கூடினர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், உருக்மணியின் காலத்து நடிப்புமுறையைப் பின்தள்ளிய அதே இயக்குநர், இறுதியில் அவரைத் தம் படத்தில் நடிக்க அழைத்தார். ‘அஹசின் பொலவட்ட’ என்னும் அப்படம் 1978இல் வெளிவந்தது. மிகைநடிப்பைச் சிறிதும் பொறுக்காத அவ்வியக்குநரின் கருவிமுன் மினர்வா மேடையின் பழைய நடிகை நின்றார். இருவேறு காலங்கள் அங்கே சந்தித்தன.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் இலங்கையின் தென்கோடி நகரமாகிய மாத்தறையில் ஓர் இசைநிகழ்ச்சி நடந்தது. உருக்மணி அங்குச் சென்று பாடினார். நிகழ்ச்சி முடிந்ததும் இரவோடிரவாக ஊர்தியில் வீடு நோக்கிப் புறப்பட்டார். மாத்தறைக்கும் நீர்கொழும்பிற்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. கடற்கரைச் சாலை வழியே காலி கடந்து, கொழும்பும் கடந்து, ஜா-எல அருகே துடெல்ல என்னுமிடத்தை அடைந்தபோது ஊர்தி விபத்துக்குள்ளாயிற்று. வீட்டை அடையச் சிறிது தொலைவே எஞ்சியிருந்தது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், உருக்மணி தேவியார் உயிர் நீத்தார்.

செய்தி பரவியதும் கொழும்பிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் நீர்கொழும்பை நோக்கி வந்தனர். பௌத்தரும் கிறித்தவரும், சிங்களவரும் தமிழரும் இசுலாமியரும் தெருக்களை நிறைத்து நின்றனர். இறம்பொடை மலையிற் பிறந்த இராசம்மாவின் உடல் நீர்கொழும்புக் கல்லறைத் தோட்டத்தில், கடற்காற்று வீசும் மணலில், அடக்கம் செய்யப்பட்டது.